காலநிலை: பாடம் முடிந்த பிறகு தொடங்கும் பேச்சு

காலநிலை மாற்றத்தைப் பற்றி ஒரு பள்ளி மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். பனிப்பாறை உருகுகிறது, கடல்மட்டம் உயர்கிறது, மரம் நட வேண்டும், பிளாஸ்டிக்கைத் தவிர்க்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். சரி, இதைப் பற்றி வீட்டில் யாரிடமாவது பேசியதுண்டா என்று கேட்டால் முழிப்பார். பேச அதில் என்ன இருக்கிறது? அது ஒரு பாடம். தேர்வு முடிந்தால் பாடமும் முடிந்தது.

பாடத்திட்டத்தில் சேர்ப்பதே இன்னும் முழுமையாக நடக்கவில்லை என்பது வேறு கதை. 2021இல் யுனெஸ்கோ 100 நாடுகளின் பாடத்திட்டங்களைப் பார்த்தபோது, 47 சதவீத நாடுகளில் காலநிலை மாற்றம் என்ற பேச்சே இல்லை. இருந்த இடங்களிலும் பெரும்பாலும் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் பாடத்தில் சேர்த்துவிட்டால் மட்டும் பேச்சு தானாக வந்துவிடாது. ஒரு பெரியவரிடம் இதை எப்படித் தொடங்குவது, எதைக் கேட்பது, அவர் மறுத்தால் என்ன செய்வது என்ற பழக்கம்தான் மாணவர்களிடம் இல்லை என்பது என் கணிப்பு. அந்தப் பழக்கத்தை வகுப்பில்தான் கொடுக்க முடியும். அதற்கு முதலில் இந்த விஷயத்தில் இவ்வளவு மௌனம் ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் யாரும் வாயைத் திறப்பதில்லை

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகக் குழு ஒன்று பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கருத்துக்கணிப்பு நடத்தி வருகிறது. புவி வெப்பமடைவதை நம்புகிறவர்கள் அங்கே பெரும்பான்மை. கவலைப்படுகிறவர்களும் பெரும்பான்மை. ஆனால் குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் இதைப் பற்றி எப்போதாவதுதான் பேசுவோம், அல்லது பேசுவதே இல்லை என்று சொல்கிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

கவலை இருந்தும் பேச்சு இல்லாமல் போவது எப்படி? 2024இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குத் துப்புக் கொடுக்கிறது. 125 நாடுகளில் சுமார் 1,30,000 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பு அது. காலநிலைக்காக வருமானத்தில் 1 சதவீதத்தை மாதாமாதம் கொடுப்பீர்களா என்று கேட்டதற்கு 69 சதவீதம் பேர் சரி என்றார்கள். உங்கள் நாட்டில் மற்றவர்களில் எத்தனை பேர் கொடுப்பார்கள் என்று கேட்டபோது, சராசரியாக 43 சதவீதம் பேர்தான் என்று ஊகித்தார்கள். 'எனக்கு அக்கறை உண்டு, அடுத்தவனுக்குத்தான் இல்லை' என்று எல்லோருமே நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஜெர்மானிய ஆய்வாளர் எலிசபெத் நோயல்-நாய்மன் 1974இல் 'மௌனச் சுழல்' என்று ஒன்றைச் சொன்னார். தன் கருத்து சிறுபான்மைக் கருத்து என்று நினைப்பவர் பேசமாட்டார். அவர் பேசாததைப் பார்த்து இன்னொருவரும் அடங்கிப்போவார். இப்படியே போய்க் கடைசியில் பெரும்பான்மைக் கருத்தே வெளியில் தெரியாமல் போய்விடும்.

வகுப்பில் இதைப் பத்து நிமிடத்தில் காட்டிவிடலாம். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. பெயர் எழுத வேண்டாம். காலநிலை குறித்து உனக்கு எவ்வளவு கவலை என்று 0 முதல் 10 வரை ஓர் எண். அதற்குக் கீழே, இந்த வகுப்பின் சராசரி எவ்வளவு இருக்கும் என்று உன் ஊகமாக இன்னோர் எண். சீட்டுகளைச் சேகரித்து இரண்டு சராசரிகளையும் கரும்பலகையில் எழுதிவிட வேண்டியதுதான். இரண்டுக்கும் இடைவெளி இருந்தால் மாணவர்களே கண்டுபிடித்துக் கேட்பார்கள். இடைவெளி இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் தன்னைப் போலவே கவலை உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு பேசுவதற்குத் தயக்கம் குறையும்.

பேசுவதால் பலன் உண்டா என்றால், உண்டு. 2019இல் வந்த ஒரு ஆய்வின்படி, குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் பேசுகிறவர்கள் காலநிலை அறிவியலின் அடிப்படை உண்மைகளை, குறிப்பாக விஞ்ஞானிகளிடையே கருத்தொற்றுமை இருப்பதை, அதிகம் தெரிந்துகொள்கிறார்கள். தெரிந்த பிறகு இன்னும் அதிகம் பேசுகிறார்கள். மௌனத்தைப் போலவே பேச்சும் தானாக வளரக்கூடியதுதான்.

எதை விவாதத்துக்கு விடுவது

வகுப்பில் விவாதம் என்றதும் பல ஆசிரியர்களுக்குப் பட்டிமன்றம்தான் நினைவுக்கு வரும். 'காலநிலை மாற்றத்துக்குக் காரணம் மனிதனா, இயற்கையா?' என்று இரண்டு அணி பிரித்துவிடுவார்கள். நல்ல எண்ணத்தோடு செய்வதுதான். ஆனால் இதைவிடக் கெடுதல் செய்யும் பயிற்சி வேறு இல்லை என்பேன். நாவன்மை உள்ள மாணவர் இயற்கை அணியில் இருந்துவிட்டால், அந்த வகுப்பைப் பொறுத்தவரை இயற்பியல் தோற்றுவிடும்.

2016இல் அமெரிக்காவில் சுமார் 1,500 அறிவியல் ஆசிரியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. காலநிலை பற்றிப் பாடம் எடுப்பவர்களில் பத்தில் மூன்று பேர் அளவுக்கு 'மனிதர்கள் காரணம் என்பதில் ஒருமித்த கருத்து உண்டு, இயற்கை காரணம் என்று பலர் கருதுகிறார்கள்' என இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் மனிதச் செயலே காரணம் என்கிறார்கள் என்பது ஆசிரியர்களில் பாதிப் பேருக்குக்கூடத் தெரியவில்லை. நடுநிலையாக இருக்கிறோம் என்ற நினைப்பில் செய்வது, மாணவரிடம் குழப்பமாகப் போய்ச் சேர்கிறது.

எனவே வகுப்பு தொடங்கும் முன்பே ஒரு கோடு கிழித்துவிட வேண்டும். கோட்டுக்கு ஒரு பக்கம், அளந்து பார்த்து முடிவானவை. இந்த அறிவியல் நேற்று வந்ததல்ல. 1856இலேயே யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய குழாய் மற்றவற்றைவிட அதிகம் சூடாவதையும் மெதுவாகக் குளிர்வதையும் பதிவு செய்துவிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து ஜான் டிண்டால் ஆய்வுக்கூடத்தில் அந்த வாயு வெப்பக் கதிரை உறிஞ்சுவதை அளந்தார். 1896இல் ஸ்வான்டே அரீனியஸ் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து, காற்றில் அந்த வாயு இரட்டிப்பானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று கணக்குப் போட்டார். சார்லஸ் கீலிங் 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளவெடுக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன்பு அது சுமார் 280. இவற்றில் வாக்கெடுப்புக்கு இடமில்லை. 'எப்படித் தெரிந்துகொண்டார்கள்?' என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். 'நீ எந்தக் கட்சி?' என்று கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் உண்மையான விவாதங்கள் கொட்டிக் கிடக்கின்றன. அணுமின்சாரம் வேண்டுமா? கார்பனுக்கு வரி போட்டால் அது ஏழையின் தலையில் விழாமல் பார்ப்பது எப்படி? நிலக்கரிச் சுரங்கம் மூடினால் அதை நம்பியிருக்கும் தொழிலாளிக்கு யார் பொறுப்பு? நூறு ஆண்டுகளாகப் புகை விட்ட நாடும் நேற்றுதான் மின்சாரம் பார்த்த நாடும் ஒரே அளவு குறைக்க வேண்டுமா? கரையோர ஊருக்குச் சுவர் கட்டுவதா, ஊரையே இடம் மாற்றுவதா? சூரிய ஒளியைத் திருப்பியனுப்ப வானத்தில் துகள்களைத் தூவலாம் என்கிறார்களே, அதை அனுமதிப்பது யார்? இவற்றில் எதற்கும் பாடநூலின் கடைசிப் பக்கத்தில் விடை இல்லை. அறிவியலோடு மதிப்பீடுகளும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியவை. அதனால்தான் விவாதத்துக்கு ஏற்றவை.

இங்கே ஒரு நல்ல உத்தி, மாணவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அதற்கு எதிர்ப்பக்கத்தைக் கொடுத்துப் பேசச் சொல்வது. சுரங்கத்தை உடனே மூட வேண்டும் என்று கொதிக்கிறவரிடம் சுரங்கத் தொழிலாளியின் வேடத்தைக் கொடுங்கள். அவர் ஜெயிக்க வேண்டியதில்லை. அந்தத் தொழிலாளி 'ஆமாம், நான் சொல்ல நினைத்தது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி பேசினால் போதும். இந்தப் பயிற்சி வீட்டுக்குப் போகும்போது கை கொடுக்கும்.

கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது

ஆசிரியரின் பக்கத்தில் மாற வேண்டியது ஒன்று உண்டு. 1970களில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவு செய்து கடிகாரத்தோடு ஆராய்ந்தார். ஆசிரியர் கேள்வி கேட்டபின் பதிலுக்குக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு நொடி. அதற்குள் யாரும் சொல்லவில்லையென்றால் அவரே சொல்லிவிடுவார், அல்லது அடுத்தவரைக் கேட்பார். அந்த ஒரு நொடியை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத மாணவர்கள் பேசினார்கள், ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்லத் தொடங்கினார். மூன்று நொடி என்பது கேட்க அற்பமாகத் தெரியும். வகுப்பின் முன்னால் நின்று பாருங்கள், யுகமாகத் தெரியும்.

உதாரணத்துக்கு, வழக்கத்தைவிடக் குளிரான ஒரு காலை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், இவ்வளவு குளிருது. பூமி சூடாகுதுன்னு சொல்றீங்க?" வகுப்பு சிரிக்கிறது. இந்த இடத்தில் வானிலை வேறு, காலநிலை வேறு, முப்பது ஆண்டுச் சராசரியைத்தான் காலநிலை என்கிறோம் என்று ஆசிரியர் உடனே சொல்லிவிட்டால் பதில் சரிதான், ஆனால் பேச்சு அங்கேயே முடிந்தது. மாறாக, "நல்ல கேள்வி. ஒரு நாள் குளிரை வச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னா, எத்தனை நாள் வேணும்?" என்று திருப்பிவிட்டுக் காத்திருக்கலாம். ஒரு வாரம் என்பார் ஒருவர். ஒரு வருஷம் என்பார் இன்னொருவர். அந்த ஒரு வருஷத்தில் எல் நினோ (பசிபிக் கடல் சூடாகி உலக வானிலையையே புரட்டுவது) வந்தால் என்ன செய்வது என்று மூன்றாமவர் கேட்பார். முப்பது ஆண்டு என்ற அளவுக்கு அவர்களாகவே நகர்ந்து வரும்போது, அது ஏன் முப்பது என்பதும் புரிந்திருக்கும். கேலி செய்தவர் அவமானப்படவும் இல்லை. வீட்டில் மாமா இதே கேலியைச் செய்யும்போது என்ன கேட்கலாம் என்பதை வகுப்பு பார்த்துவிட்டது.

பிள்ளைகளின் மனதில் ஏற்கெனவே பதிந்திருக்கும் தவறான படங்களும் இப்படிப்பட்ட பேச்சில்தான் வெளியே வரும். அதில் ரொம்பப் பிடிவாதமானது ஓசோன் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக வெயில் அதிகமாக இறங்குவதால்தான் பூமி சூடாகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், பெரியவர்கள் உட்பட. ஓசோன் படலம் புற ஊதாக் கதிரைத் தடுப்பது. பூமி சூடாவது, கீழிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைக் கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் மறிப்பதால். இரண்டும் வேறு வேறு. இதைத் தெளிவாக்காமல் வீட்டுக்கு அனுப்பினால், முதல் கேள்வியிலேயே பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

பொய்த் தகவலை எதிர்கொள்வதற்கும் வகுப்பிலேயே முன்கூட்டித் தயார்படுத்தலாம். உளவியலாளர் வில்லியம் மெக்குவயர் 1960களில் முன்வைத்த யோசனை இது: பொய்யின் வீரியம் குறைந்த வடிவத்தை முன்பே காட்டி, அதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தால், நிஜமானது வரும்போது மனம் ஏமாறாது. தடுப்பூசி மாதிரிதான். ஒவ்வொரு வதந்திக்கும் பதிலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உத்திகள் சிலதான்: போலி நிபுணரை முன்னிறுத்துவது, வசதியான புள்ளிவிவரத்தை மட்டும் பொறுக்குவது, நூறு சதவீத நிச்சயம் கேட்பது, எல்லாம் சதி என்பது. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஃபார்வர்டை எடுத்து, இது எந்த உத்தி என்று கண்டுபிடிக்கச் சொன்னால் மாணவர்கள் துப்பறிவாளர் போல இறங்கிவிடுவார்கள்.

பிள்ளை சொன்னால் பெற்றோர் கேட்பார்களா

கேட்கிறார்கள் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலக் கடற்கரைப் பகுதியில் 10 முதல் 14 வயது வரையான மாணவர்களுக்குக் காலநிலைப் பாடம் நடத்தி, அவர்களின் பெற்றோரிடம் என்ன மாற்றம் வருகிறது என்று ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2019இல் முடிவு வெளியானது. அந்தப் பாடம் படித்த பிள்ளைகளின் பெற்றோருக்குக் காலநிலை பற்றிய அக்கறை, படிக்காத பிள்ளைகளின் பெற்றோரைவிடக் கூடுதலாக உயர்ந்திருந்தது. மாற்றம் மிக அதிகமாகத் தெரிந்தது யாரிடம் தெரியுமா? ஆரம்பத்தில் அக்கறை மிகக் குறைவாக இருந்த பழமைவாத அரசியல் சார்புள்ள பெற்றோரிடமும், அப்பாக்களிடமும். மகன்களைவிட மகள்கள் சொன்னது அதிகம் எடுபட்டது.

அந்தப் பாடத்தின் ஒரு பகுதி, பெற்றோரைப் பிள்ளைகள் பேட்டி எடுப்பது. என்னைக் கேட்டால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. அரசியல்வாதியோ அயலாரோ இதைச் சொன்னால் நமக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். 'இவர் எந்த ஆள், என்ன லாபத்துக்குச் சொல்கிறார்' என்று மனம் கணக்குப் போடும். சொந்தப் பிள்ளையிடம் அந்தக் கணக்கு இல்லை. அதிலும் பிள்ளை பிரசங்கம் செய்யாமல் நோட்டுப் புத்தகத்தோடு வந்து 'உங்களைப் பேட்டி எடுக்கணும்' என்று உட்கார்ந்தால், எதிர்க்க அங்கே எதுவுமே இல்லை. நினைவிலிருந்து பேச வேண்டியதுதான்.

அதனால் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் கேள்விகளை யோசித்துத் தயாரிக்க வேண்டும். 'காலநிலை மாற்றத்தை நம்புகிறீர்களா?' என்பது மோசமான கேள்வி. ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும், போதாக்குறைக்குக் கட்சியும் பிரித்துவிடும். 'நீங்கள் என் வயதில் இருந்தபோது மழைக்காலம் எப்போது தொடங்கும்? வெயிலில் எத்தனை மணி வரை வெளியே விளையாடுவீர்கள்? அப்போது பார்த்து இப்போது காணாமல் போன பறவையோ பூச்சியோ உண்டா? உங்கள் வாழ்க்கையில் பார்த்த மிகப் பெரிய வெள்ளம் எது, அன்றைக்கு என்ன செய்தீர்கள்?' இப்படிக் கேட்டால் தாத்தா பாட்டிகள் நிறுத்தமாட்டார்கள்.

இதில் இன்னொரு பலனும் உண்டு. டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995இல் ஒன்றைக் கவனித்துச் சொன்னார். ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தாம் வேலைக்கு வந்தபோது கடலில் இருந்த மீன்வளத்தையே இயல்பான அளவு என்று எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் நூறாண்டுச் சரிவு யார் கண்ணிலும் படுவதில்லை என்றார். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் அதே நிலைதான். பிறந்தது முதல் பார்த்து வரும் வெயில்தான் அதற்குச் சாதாரண வெயில். பாட்டியின் நினைவு அந்த அளவுகோலைப் பின்னால் நகர்த்துகிறது.

ஆனால் நினைவு ஏமாற்றும். 'எங்க காலத்துல இப்படி வெயிலே கிடையாது' என்று எல்லாக் காலத்துப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். ஆகவே பேட்டி வகுப்புக்குத் திரும்பியதும் அந்தப் பகுதியின் பழைய வெப்பநிலை, மழைப் பதிவுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். சில நினைவுகள் பதிவோடு பொருந்தும். சில பொருந்தாது. மழை குறைந்துவிட்டது என்று தாத்தா அடித்துச் சொல்லியிருப்பார், மொத்த மழை குறையாமல் பெய்யும் நாட்கள் மட்டும் குறைந்து, பெய்தால் கொட்டித் தீர்ப்பதாகப் பதிவு காட்டலாம். தாத்தா சொன்னது பொய் என்று ஆகிவிடாது, அவர் உணர்ந்தது வேறொன்றை என்று புரியும். அதை அவரிடம் திரும்பப் போய்ச் சொல்லும்போது இரண்டாவது பேச்சு ஆரம்பிக்கிறது.

மறுக்கிற பெரியவர் இருந்தால்? ஒரு சின்ன உரையாடலைப் பாருங்கள்.

"சூரியன் சூடு கூடுது, கூடினா பூமியும் சூடாகும். இதுல மனுஷன் என்ன பண்ண முடியும்?"

"இருக்கலாம் அப்பா. சூரியன்தான் காரணம்னா காத்து மண்டலம் முழுக்க, மேல இருந்து கீழ வரைக்கும் சூடாகணும், இல்லையா?"

"ஆமா, ஆகணும்."

"ஆனா அளந்து பார்த்தா கீழ்ப் பகுதி சூடாகுது, மேல்ப் பகுதி குளிருது. அது ஏன்னு நீங்க என்ன நினைக்கிறீங்க?"

சூரிய வெப்பம் கூடினால் காற்று மண்டலத்தின் மேல் அடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியரும் சேர்ந்து சூடாக வேண்டும். கார்பன் டை ஆக்சைடு கூடினால் கீழே சூடும் அங்கே குளிர்ச்சியும் வரும் என்று சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெத்தரால்டும் 1967லேயே கணக்கிட்டுச் சொன்னார்கள். பின்னால் வந்த அளவீடுகள் அதையே காட்டின. மனாபேக்கு 2021இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்தப் பிள்ளை அப்பாவைத் தோற்கடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு, அது சரியென்றால் என்ன நடந்திருக்க வேண்டும் என்று ஒரு படி நகர்த்தியது, கடைசியில் கேள்வியை அவரிடமே விட்டது. அப்பா அன்றிரவே மனம் மாறுவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. குடும்பத்துக்கு நடுவில் யாரும் 'ஆமாம், நான் சொன்னது தப்பு' என்று ஒத்துக்கொள்வதில்லை. இரண்டு வாரம் கழித்து அவரே வேறு யாரிடமோ இதைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

'காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதானே இருந்தது' என்பதற்கும் இதே வழிதான். ஆமாம், மாறியது. கடைசிப் பனியுகம் முடிந்து பூமி சுமார் 5 டிகிரி சூடாகப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. இப்போது பத்தாண்டுச் சராசரியாகப் பார்த்தாலே ஒன்றேகால் டிகிரி அளவுக்கு ஏறிவிட்டது, அதில் பெரும்பகுதி 1970களுக்குப் பிறகு. வேகத்தில் என்ன வித்தியாசம் என்று கேட்டால் கணக்கை அவரே போட்டுவிடுவார்.

வீட்டில் போலீஸ்காரர் ஆகிவிடுவதுதான் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு. விளக்கை அணைக்கவில்லை, காரில் போகிறாய் என்று ஒவ்வொன்றுக்கும் குற்றப்பத்திரிகை. தனிமனிதரின் 'கார்பன் தடம்', அதாவது ஒருவருடைய வாழ்க்கைமுறையால் எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்ற எண்ணத்தை 2000களில் பெருமளவில் விளம்பரப்படுத்தியதே பிபி என்ற எண்ணெய் நிறுவனம்தான் என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. வீட்டுப் பழக்கங்கள் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஆனால் மின்சாரம் எதிலிருந்து வருகிறது, பேருந்து ஊருக்குள் வருகிறதா என்பதெல்லாம் வீட்டுக்குள் முடிவாவதில்லை. அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் பேச்சு அன்றோடு முடியும். பள்ளி மாணவி கிரேட்டா துன்பர்க் 2018இல் ஸ்வீடன் நாடாளுமன்றத்துக்கு முன்னால் காலநிலைக்காகப் போராட்டத்தில் உட்காருவதற்கு முன்பே அவருடைய அம்மா விமானப் பயணத்தை நிறுத்தியிருந்தார் என்பதை உதாரணமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. உண்மைதான், ஆனால் எல்லா வீட்டிலும் அப்படி நடக்க வேண்டும் என்று பிள்ளையின் தோளில் சுமை ஏற்றுவது நியாயமில்லை.

பயத்தை என்ன செய்வது

2021இல் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் நடத்திய ஆய்வில், 59 சதவீதம் பேர் மிகவும் அல்லது அளவுக்கு மீறிக் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். எதிர்காலம் பயமாக இருக்கிறது என்றவர்கள் 75 சதவீதம். இதைவிட என்னை நிறுத்திய எண் வேறொன்று: இதைப் பற்றி மற்றவர்களிடம் பேசிப் பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், தங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை அல்லது தட்டிக்கழித்துவிட்டார்கள் என்றார்கள். 'சும்மா இரு, அதெல்லாம் பெரியவங்க பார்த்துக்குவாங்க' என்ற ஆறுதல் வார்த்தையும் இந்தத் தட்டிக்கழிப்பில்தான் சேரும்.

ஸ்வீடனைச் சேர்ந்த மரியா ஓயாலா பிள்ளைகள் இந்தக் கவலையை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று நீண்ட காலம் ஆராய்ந்தவர். மூன்று வழிகளைக் கண்டார். சிலர் பிரச்சினையைச் சிறிதாக்கிக்கொள்கிறார்கள், 'ஊதிப் பெருசாக்குறாங்க' என்று. இவர்களுக்கு மனம் லேசாக இருக்கும், செயல் இருக்காது. சிலர் என்ன செய்யலாம் என்று நேராகப் பிரச்சினையில் இறங்குகிறார்கள். செயல் இருக்கும், ஆனால் மனச்சோர்வும் கூடவே வரும். இது பலர் எதிர்பார்க்காத முடிவு. 'கவலைப்படாதே, ஏதாவது செய்' என்று நாம் சொல்லும் அறிவுரை தனியாகப் போதாது. மூன்றாம் வகையினர் பிரச்சினையை மறுக்காமலே அதில் ஓர் அர்த்தத்தையும் நம்பிக்கைக்கான காரணத்தையும் தேடிக்கொள்கிறார்கள். விஞ்ஞானிகள் மேல் நம்பிக்கை, சேர்ந்து உழைக்கும் மனிதர்கள் மேல் நம்பிக்கை, முன்பு தீர்ந்த பிரச்சினைகளின் நினைவு. இவர்கள்தான் செயலையும் விடவில்லை, மனதையும் உடைத்துக்கொள்ளவில்லை.

நம்பிக்கைக்குக் கதை கட்ட வேண்டியதில்லை, உண்மையான சங்கதிகளே இருக்கின்றன. மேலே சொன்ன அந்த ஓசோன் ஓட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, கேடு செய்த ரசாயனங்கள் படிப்படியாகக் கைவிடப்பட்டன, படலம் மெல்ல ஆறி வருகிறது. சூரிய மின்சாரம் தயாரிக்கும் செலவு 2010க்குப் பிறகான பத்தாண்டில் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அதே மூச்சில் 2024 தான் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரியைத் தாண்டிய முதல் ஆண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் தாங்குகிற வயது எது என்று கேட்டால், தொடக்கப் பள்ளியில் மழை, மரம், பூச்சி, பறவை என்று பழக விடுங்கள், எண்களும் பேரிடர்களும் நடுநிலைப் பள்ளிக்கு வரட்டும் என்பேன். யாராவது வகுப்பில் கலங்கினால் பாடத்தை நிறுத்திக் கேட்பதில் தப்பில்லை.

பெற்றோர் புகாரோடு வந்தால்

இது நடக்கும். 'பிள்ளைக்கு அரசியல் சொல்லிக்கொடுக்கிறீர்கள்' என்று ஒருவர், 'ராத்திரி தூங்கமாட்டேன் என்கிறாள்' என்று இன்னொருவர். முதலாமவரிடம் அந்தக் கோட்டை எடுத்துக் காட்டலாம்: இந்தப் பக்கம் அளவீடுகள், அந்தப் பக்கம் மாணவர்களே இரு தரப்பிலும் பேசும் கேள்விகள், எந்தத் தரப்பு சரி என்று நான் சொல்வதில்லை. சொன்னது போலவே ஆசிரியர் நடந்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டம். தன் கட்சியைப் பாடத்துக்குள் ஒளித்துக் கொண்டுவருகிற ஆசிரியருக்கு இந்தப் பதில் உதவாது. இரண்டாமவரிடம் பதில் சொல்வதைவிடக் கேட்பதுதான் முக்கியம், பிள்ளை எதைக் கண்டு பயந்தது, வகுப்பில் கேட்டதையா, இல்லை இரவில் போனில் பார்த்த வீடியோவையா என்று.

பாடம் தொடங்கும் முன்பே பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம் போய்விட்டால் இந்தப் புகார்களில் பாதி வராது. என்ன படிக்கப்போகிறோம், எதை விவாதிப்போம், எதை விவாதிக்கமாட்டோம், உங்கள் பிள்ளை எந்த வாரம் பேட்டி எடுக்க வருவார், என்னென்ன கேட்பார் என்று அதில் இருந்தால் போதும். கேள்விகளை முன்பே பார்த்துவிட்ட தாத்தா, பழைய போட்டோ ஆல்பத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கவும் கூடும்.